வழிமுறை வளர்ச்சியும் வகைப்பாடும்: மதிப்பெண் போகும் இடங்கள்

ஓரிடத்தில் ஒரு தாவரக் கூட்டம் போய் இன்னொன்று படிப்படியாக வருவதுதான் வழிமுறை வளர்ச்சி. எரிமலைக் குழம்பு மூடிய நிலத்திலும் மரம் இல்லை, தீயில் எரிந்த காட்டிலும் மரம் இல்லை. அதனால் தேர்வில் இரண்டையும் முதல்நிலை வழிமுறை வளர்ச்சி என்றே பலர் எழுதிவிடுகிறார்கள். மண் மிஞ்சியிருக்கிறதா என்று பாருங்கள். எரிந்த காட்டில் மண்ணும், அதற்குள் விதைகளும் வேர்களும் இருக்கும். ஆகவே இரண்டாம் நிலை. உழாமல் விட்ட வயலும் இதில்தான் சேரும். குழம்பு இறுகிய பாறையில் மண்ணே கிடையாது, அது முதல்நிலை.

முன்னோடி உயிரி, அதாவது வெற்றிடத்தில் முதலில் குடியேறுவது எது என்று கேட்டால் கை தானாக 'லைக்கன்' என்று எழுதும். வெறும் பாறைக்குச் சரி. குளத்தில் தொடங்குவது தாவர மிதவை உயிரிகள். ஐஸ்லாந்துக்குத் தெற்கே 1963-இல் கடலுக்குள்ளிருந்து எழுந்த சர்ட்சி தீவில் இன்னும் வேடிக்கை. அதன் கரையில் 1965-லேயே ஒரு பூக்கும் செடி முளைத்துவிட்டது. மாஸ்கள் என்னும் பூக்காத சிறு செடிகள் 1967-இல்தான் தென்பட்டன, லைக்கன்கள் 1970-இல். கரைச்செடியின் விதை கடலில் மிதந்தே வந்துவிடும், பாறை மண்ணாகும்வரை அது காத்திருக்கத் தேவையில்லை. பிறகு 1980-களின் நடுவில் கடற்காகங்கள் கூட்டமாகக் கூடு கட்ட, எச்சத்தின் சத்தில் செடிகள் வேகமாகப் பெருகின.

பாறை போன்ற வறள்நிலையில் தொடங்கிய வளர்ச்சி பாலைவனமாக முடியும் என்று எழுதுவதும் பிழை. பாறையில் தொடங்கினாலும் குளத்தில் தொடங்கினாலும் போக்கு மிதமான ஈரத்தை நோக்கித்தான்.

குளத்தின் நிலைகளை மனப்பாடம் செய்தால் வரிசை மாறிப்போகும். வண்டல் படியப் படிய ஆழம் குறைவதை நினைத்துக்கொண்டால் போதும்: மூழ்கிய ஹைட்ரில்லா, பிறகு மிதக்கும் இலையுள்ள தாமரை, அல்லி, அப்புறம் சம்பு, நாணல், சதுப்புப் புல்வெளி, புதர், காடு.

வகைப்பாட்டுக் குழப்பமும் இதே குளத்தில்தான் பிறக்கிறது. தாமரையும் அல்லியும் ஒரே நிலையில் நிற்பதால் உறவு என்று தோன்றும். வெளித்தோற்றப் பண்புகளை வைத்துப் பிரித்த பழைய பெந்தம்–ஹூக்கர் முறையிலும் இரண்டும் ஒரே குடும்பம். ஆனால் மரபணு ஆதாரத்தில் அமைந்த ஏ.பி.ஜி. (பூக்கும் தாவரங்களின் பரிணாம உறவை ஆராயும் குழு) முறையில் தாமரை புரோட்டியேல்ஸ் துறைக்குப் போய்விட்டது. அல்லி நிம்ஃபியேல்ஸில் இருக்கிறது. எந்த முறையில் கேட்கிறார்கள் என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

லைக்கனைத் தாவரம் என்று எழுதாதீர்கள். பூஞ்சையும், ஆல்கா அல்லது சயனோபாக்டீரியமும் சேர்ந்து வாழும் கூட்டு அது. சயனோபாக்டீரியங்களை நீலப்பசும்பாசி என்று அழைத்தாலும், விட்டேக்கரின் 1969-ஆம் ஆண்டு ஐந்துலகப் பாகுபாட்டில் அவை உட்கரு இல்லாத உயிரிகளின் உலகமான மொனிராவில்தான் வரும்.

அறிவியல் பெயரில் முதல் சொல் பேரினம், இரண்டாவது சிற்றினச் சொல். சிற்றினச் சொல்லை மட்டும் எழுதினால் பயனில்லை: மா, புளி, வேம்பு மூன்றுக்குமே அது 'இண்டிகா'. பேரினத்தோடு சேர்த்து, மாஞ்சிஃபெரா இண்டிகா என்று எழுதுங்கள். ஆங்கில எழுத்தில் எழுதும்போது பேரினத்தின் முதலெழுத்து மட்டும் பெரிய எழுத்து. கையால் எழுதினால் இரு சொல்லுக்கும் தனித்தனியே அடிக்கோடு.