தள்ளுபடி எதிலிருந்து கழிகிறது? கூப்பனிலும் விலை ஒப்பிடுவதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் மளிகை வாங்க இப்போது வழிகள் பெருகிவிட்டன. தெருமுனைக் கடை, சூப்பர் மார்க்கெட், மண்டி, வாரச்சந்தை, உழவர் சந்தை, ரேஷன் கடை, இவை போதாதென்று கைபேசியில் ஆப். எல்லா இடத்திலும் ஆஃபர், எல்லா பில்லிலும் "நீங்கள் சேமித்தது" என்று ஒரு வரி. அப்படியும் மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் மளிகைச் செலவு குறைந்திருப்பதில்லை. நாம் விலை பார்க்காமல் வாங்குகிறோம் என்று சொல்ல முடியாது. பார்க்கிறோம், ஆனால் ஒப்பிடக் கூடாத இரண்டை ஒப்பிடுகிறோம். பெரும்பாலான தவறுகள் அங்கேதான் பிறக்கின்றன.

எம்.ஆர்.பி.யை அளவுகோலாக வைப்பது

பையில் அச்சிட்டிருக்கும் எம்.ஆர்.பி. என்பது அந்தப் பொருளை அதிகபட்சம் எவ்வளவுக்கு விற்கலாம் என்பதற்கான எல்லை. வரியெல்லாம் அதற்குள் அடக்கம். அதற்கு மேல் விற்பது சட்டப்படி தவறு. எவ்வளவு குறைத்து விற்றாலும் தடையில்லை. சோப்பு, பிஸ்கட் போன்றவற்றில் கடைகள் அந்த விலையை ஒட்டியே விற்கும். பருப்பு, அரிசி, மசாலாவில் கதை வேறு. பல கடைகளில் சொந்தப் பெயர் போட்ட பாக்கெட்டில் எம்.ஆர்.பி. மிக உயரத்தில் இருக்கும். அந்த விலைக்கு ஊரில் யாரும் அதை வாங்கியதே இல்லை.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். உளுந்து ஒரு கிலோ பாக்கெட், எம்.ஆர்.பி. 220 ரூபாய், முப்பது சதவீதம் தள்ளுபடி, கையில் வருவது 154 ரூபாய்க்கு. பில்லில் 66 ரூபாய் சேமித்ததாக வரும். அதே தரத்து உளுந்தை உங்கள் தெருக் கடைக்காரர் லூஸாக 145க்கு நிறுத்துக் கொடுப்பவராக இருந்தால், நீங்கள் சேமித்தது 66 இல்லை, கூடக் கொடுத்தது 9. தள்ளுபடி பெரிதா சிறிதா என்பது கேள்வியே இல்லை. எதிலிருந்து கழித்தார்கள் என்பதுதான் கேள்வி. கழிக்க வேண்டியது, போன மாதம் நீங்கள் உண்மையில் கொடுத்த விலையிலிருந்து.

அதற்குப் போன மாத விலை தெரிந்திருக்க வேண்டும். பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் கடை வைத்து, காசு பிசகாமல் ஐந்தொகைக் கணக்கு எழுதி அனுப்பிய மண் இது. நம் வீட்டு மளிகைக்கு ஒரு சின்னச் சிட்டை எழுதுவது நமக்குப் பெரிய வேலையாகத் தோன்றக் கூடாது. வாங்குகிற எல்லாவற்றையும் எழுத வேண்டாம். அரிசி, பருப்பு, உளுந்து, எண்ணெய், சர்க்கரை, மிளகாய், மல்லி, புளி, காப்பித்தூள், சோப்பு என்று பணம் அதிகம் போகிற பொருள்கள் மட்டும் போதும். தேதி, கடை, அளவு, கொடுத்த பணம், கடைசிப் பத்தியில் கிலோவுக்கு என்ன விழுந்தது. இரண்டு மூன்று மாதம் எழுதினால் போதும், கூப்பனைப் பார்த்தவுடனே அது லாபமா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

அளவு வேறு, விலை மட்டும் ஒப்பிடுவது

அரிசிச் சிப்பத்தில் இது நன்றாகத் தெரியும். 2022 ஜூலை 18 முதல், பையில் அடைத்துப் பெயர் ஒட்டிய அரிசிக்கு 25 கிலோ வரை ஐந்து சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. அதற்கு மேற்பட்ட பைக்கு இல்லை. அதனால்தான் 26 கிலோ சிப்பம் கடைக்கு வந்தது. ஒரு கடையில் 25 கிலோ 1,500 ரூபாய், இன்னொரு கடையில் 26 கிலோ 1,530 ரூபாய் என்றால், பார்வைக்கு முதல் கடைதான் மலிவு. கிலோவுக்கு வகுத்தால் முதலாவது 60 ரூபாய், இரண்டாவது 59க்கும் கீழே.

எண்ணெயில் இன்னும் கவனம் வேண்டும். பாக்கெட் எண்ணெய் லிட்டர் கணக்கு. செக்கில் சில இடங்களில் கிலோ கணக்கில் ஊற்றித் தருவார்கள். ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு கிலோ எடை இருக்காது, ஏறத்தாழ 910 கிராம்தான். லிட்டர் 285 ரூபாய் நல்லெண்ணெயும் கிலோ 300 ரூபாய் நல்லெண்ணெயும் எதிரெதிரே இருந்தால் கை முதலில் 285க்குத்தான் போகும். ஆனால் அந்த 285ஐக் கிலோவுக்கு மாற்றினால் 313 ஆகிறது. பாக்கெட்டின் மேல் லிட்டரோடு எடையையும் அச்சிட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள். ஒரு லிட்டர் உறையைப் போலவே தோன்றும் பையில் 850 மில்லி, 800 கிராம் என்றும் வருகிறது. விலையை ஏற்றாமல் அளவைக் குறைப்பது பிஸ்கட்டிலும் டீத்தூளிலும் பல வருடங்களாக நடப்பதுதான்.

சில ஆண்டுகளாகப் பாக்கெட்டுகளில் எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் ஓரலகு விலையும் அச்சாகிறது. ஒரு கிலோவுக்குக் குறைந்த பையில் கிராமுக்கு இவ்வளவு என்றும், ஒரு கிலோவுக்கு மேற்பட்ட பையில் கிலோவுக்கு இவ்வளவு என்றும் இருக்கும். கிராம் விலையை ஆயிரத்தால் பெருக்கினால் கிலோ விலை: 0.45 என்றால் 450 ரூபாய். பொடி எழுத்தில் இருந்தாலும் இது நமக்குக் கிடைத்த நல்ல கருவி. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். அந்த விலை எம்.ஆர்.பி.யை வைத்துப் போட்டது, கடை தருகிற தள்ளுபடி அதில் சேராது. தள்ளுபடி உள்ள பொருளுக்கு நீங்களே வகுத்துக்கொள்ள வேண்டும். பெரிய பாக்கெட் என்றால் மலிவுதான் என்ற நம்பிக்கையையும் இந்த வகுத்தல் அடிக்கடி உடைக்கும். சின்னப் பாக்கெட்டுக்கு மட்டும் ஆஃபர் வருகிற வாரங்கள் உண்டு.

சந்தையில் காய்கறியைக் கூறு போட்டு விற்கும்போது ஒரு கூறு எவ்வளவு எடை என்று ஒரு தடவை வீட்டில் நிறுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு கண்ணே நிறுத்துவிடும். காய்கறிக்கு நம்பகமான ஒப்பீடு வேண்டுமென்றால் உழவர் சந்தை விலைப் பலகைதான். தினமும் காலையில் எழுதுவார்கள், நீங்கள் அங்கே வாங்காவிட்டாலும் அன்றைய நிலவரம் தெரிந்துவிடும். 1999இல் மதுரையில் தொடங்கிய திட்டம் இது. இடைத்தரகர் இல்லாமல் விவசாயிக்கும் நமக்கும் நியாய விலை கிடைக்க வேண்டும் என்பதற்காக வந்தது.

தரத்தைக் கணக்கில் எடுக்காத கிலோ விலை

கிலோ விலையைக் கற்றுக்கொண்டவர்கள் அடுத்து விழுகிற குழி இது. பழைய அரிசி, புது அரிசியைவிட விலை கூடுதல்; ஆனால் தண்ணீர் அதிகம் இழுத்து, சோறு அதிகம் காணும். புது அரிசி குழைந்து போகும். புதுவயல் பக்கத்து ரைஸ் மில்லில் வாங்குகிறவர்கள் முதல் கேள்வியே "பழசா, புதுசா, எத்தனை மாசமாச்சு" என்றுதான் கேட்பார்கள். ஆப்பில் அந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லை.

புளியில் கொட்டையோடு ஒரு விலை, கொட்டை எடுத்தது ஒரு விலை. இரண்டையும் கிலோவுக்குக் கிலோ ஒப்பிடுவது சரியில்லை. அரைக் கிலோ வாங்கி, கொட்டையும் நாரும் போக என்ன தேறுகிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நம் சமையலுக்கு வேண்டிய கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ எல்லாம் சூப்பர் மார்க்கெட்டில் சின்னப் பாக்கெட்டாக வரும், கிராம் கணக்குப் பார்த்தால் விலை கடுமையாக இருக்கும். நல்ல விற்பனை உள்ள நாட்டு மருந்துக் கடையிலோ மளிகைக் கடையிலோ கொஞ்சமாக நிறுத்து வாங்கினால் மலிவு, மணமும் இருக்கும். இவற்றைக் கூப்பனுக்காக மொத்தமாக வாங்கி வைத்தால் மணம் போய்விடும். மணம் போன கல்பாசி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் குழம்புக்கு உதவாது.

ஆஃபர் வரும் காலமும் விலை இறங்கும் காலமும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். மாசி, பங்குனியில் புது மிளகாயும் புதுப் புளியும் வரும். நம் பக்கத்து ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அறுவடை நேரத்தில் அது நமக்கு எட்டுகிற தூரத்திலேயே கிடைக்கிறது. அப்போது வருடத்துக்கு வாங்கி, வெயிலில் நன்றாகக் காயவைத்து உக்கிராணத்தில் எடுத்து வைத்த அப்பத்தாக்களின் வழக்கம் வெறும் பழக்கம் இல்லை, தெளிவான கணக்கு. ஐப்பசியில் வரும் பத்து சதவீதக் கூப்பன் அந்தப் பருவ விலையை எட்டுவது அரிது.

கூப்பனின் சின்ன எழுத்து

"20% தள்ளுபடி" என்று பெரிதாக இருக்கும். கீழே "அதிகபட்சம் 75 ரூபாய்" என்று சிறிதாக இருக்கும். 375 ரூபாய்க்கு வாங்கினால்தான் அது இருபது சதவீதம். 1,500 ரூபாய்க்கு வாங்கினால் வெறும் ஐந்து சதவீதம். அதிலிருந்து டெலிவரிக்கு 30, கையாளும் கட்டணம் 10 என்று போனால் மிஞ்சுவது 35 ரூபாய். ஆப்பில் கடைசித் திரைக்குப் போய், கட்டணம் எல்லாம் சேர்ந்த மொத்தத்தைப் பார்க்காமல் எந்த ஒப்பீடும் செய்ய வேண்டாம்.

குறைந்தபட்சத் தொகை இன்னொரு பொறி. "1,500க்கு மேல் வாங்கினால் 100 கழிவு" என்றிருக்க, உங்கள் லிஸ்ட் 1,240இல் முடிகிறது. மீதி 260க்குத் தேவையில்லாததைப் போட்டு நூறைப் பெற்றால், கையை விட்டுக் கூடுதலாகப் போனது 160. அடுத்த மாதம் கட்டாயம் வாங்கப்போகிற சோப்பு, சலவைத் தூள், உப்பு இருந்தால் அதைச் சேர்த்து வாங்குங்கள், அது உண்மையான லாபம். இல்லையென்றால் கூப்பனை விட்டுவிடுங்கள். பல கூப்பன்களில் எண்ணெய், சர்க்கரை, அரிசி போன்றவை சேராது என்ற நிபந்தனையும் இருக்கும். பில் போடும் இடத்தில் வரிசையில் நின்று அதைத் தெரிந்துகொள்வதைவிட, முன்பே படித்துவிடுவது நல்லது.

கேஷ்பேக் என்று வருவது பெரும்பாலும் கையில் கிடைக்கும் பணம் இல்லை. அதே ஆப்பில், குறித்த நாளுக்குள், இன்னொரு குறைந்தபட்சத் தொகைக்கு வாங்கினால்தான் அது செல்லும். அதைச் சேமிப்பாக எண்ணாமல், கழிந்த பிறகு எண்ணுங்கள். "இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்" என்பது ஒரு பொருளுக்கு 33 சதவீதம்தான். மூன்றையும் காலாவதிக்குள் தீர்ப்பீர்களா என்று பாக்கெட்டைத் திருப்பித் தேதியைப் பார்த்து முடிவெடுங்கள். இப்படித் தள்ளிவிடும் பொருளில் தேதி நெருங்கியது நிறைய இருக்கும். மழைக்காலத்தில் ரவை, மைதா, கடலை மாவு மூட்டையாக வாங்கினால் வண்டு வந்து பாதியைக் கொட்டத்தான் வேண்டியிருக்கும்.

செட்டிநாட்டில் குறிப்பாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. பெரிய வீட்டில் வயதான ஆத்தாவும் அப்பச்சியும் மட்டும் இருக்க, பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்து ஆப்பில் மளிகை அனுப்புகிறார்கள். பாசத்தோடு செய்வதுதான். ஆனால் கூப்பன் விழுவதற்காக ஐந்து கிலோ கோதுமை மாவும், பெரிய டப்பா ஓட்ஸும் வந்து இறங்கும். இரண்டு பேர் அதை எப்போது தின்று தீர்ப்பது? அதோடு, வாரத்துக்கு இருமுறை கால் கிலோ, அரைக் கிலோவாக வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுத்து, பற்று எழுதிக்கொண்டு, "ஆச்சிக்கு உடம்பு எப்படி" என்று விசாரிக்கிற கடைக்காரரின் வியாபாரமும் குறைகிறது. அவர் ஐந்து ரூபாய் கூட வாங்கினாலும் அதில் டெலிவரியும் கடனும் அடங்கியிருக்கின்றன. பிள்ளைகளுக்கு என் வேண்டுகோள்: அனுப்புவதற்கு முன் ஒரு போன் போட்டு, "என்ன தீர்ந்துபோச்சு" என்று கேளுங்கள். முடிந்தால் அந்தக் கடைக்காரருக்கே யு.பி.ஐ.யில் பணம் போட்டுவிடுங்கள்.

போக்குவரத்தும் ரேஷனும்

கானாடுகாத்தானிலிருந்து காரைக்குடிக்கு வண்டியில் வந்து போனால் சுமார் முப்பது கிலோமீட்டர். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைச் சுற்றி இருக்கையில், இதற்கே அறுபது எழுபது ரூபாய் ஆகும். நாற்பது ரூபாய் மிச்சத்துக்காக அந்தப் பயணம் தேவையில்லை. வேறு வேலையாக வரும் நாளில் மளிகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரேஷனை ஒதுக்குவதும் தவறு. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். எந்த ஆப்பும் இந்த விலைக்குக் கிட்டே வராது. அட்டை இருந்தும் வரிசையில் நிற்கச் சங்கடப்பட்டு விடுகிறவர்கள், அந்தப் பணத்துக்குத்தான் வெளியே கூப்பன் தேடுகிறார்கள்.

பில்லும் போலிக் கூப்பனும்

அலமாரியில் ஒட்டிய விலையும் பில்லில் விழுந்த விலையும் சில சமயம் ஒன்றாக இருப்பதில்லை. ஆஃபர் முடிந்திருக்கும், சீட்டை எடுத்திருக்க மாட்டார்கள். கவுன்ட்டரை விட்டு நகர்வதற்கு முன் பில்லைப் படியுங்கள். எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்லலாம்.

வாட்ஸ்அப்பில் "தீபாவளிப் பரிசு, 2,000 ரூபாய் மளிகைக் கூப்பன்" என்று பெரிய கடையின் படத்தோடு லிங்க் வந்தால் தொடாதீர்கள், பத்துப் பேருக்கு அனுப்பவும் வேண்டாம். அடுத்த திரையில் ஓ.டி.பி.யோ யு.பி.ஐ. பின்னோ கேட்பார்கள். நமக்குப் பணம் வர யு.பி.ஐ. பின்னைப் போட வேண்டிய அவசியமே இல்லை. அந்தப் பின்னைப் போட்டால் பணம் போகிறது என்று பொருள். பணம் போய்விட்டால் அந்த நிமிடமே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். நேரம் போகப் போக மீட்கும் வாய்ப்பு குறையும். வீட்டில் உள்ள பெரியவர்களுக்கு இதை உட்கார்ந்து நிதானமாகச் சொல்லுங்கள்.

விசேஷத்துக்கு வாங்கும்போது

கல்யாணம், படைப்பு (முன்னோருக்குப் படையல்), அறுபதாம் கல்யாணம் என்றால் சில்லறைக் கூப்பன்களைச் சேர்த்துக்கொண்டு கடை கடையாக அலைய வேண்டாம். ஒரு பில்லுக்கு ஒரு கூப்பன், ஒரு ஆளுக்கு இத்தனை பாக்கெட் என்று கட்டுப்பாடு இருக்கும். சமையல்காரர் கொடுத்த லிஸ்ட்டை அப்படியே இரண்டு மூன்று மண்டியில் கொடுத்து, மூட்டை விலையும் டின் விலையும் எழுதி வாங்குங்கள். எந்த பிராண்ட், எந்த ரகம் என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும்; இல்லையென்றால் மூன்று கடையின் விலையும் மூன்று வேறு பொருளின் விலையாக இருக்கும். பிரிக்காத மூட்டையையும் டின்னையும் விசேஷம் முடிந்து திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். நம் பக்கத்தில் நெடுநாள் பழக்கமுள்ள கடைகள் பல இதற்கு ஒத்துக்கொள்கின்றன. மிஞ்சுகிற இரண்டு டின் எண்ணெய் திரும்பிப் போனால், கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடச் சொன்ன கடையே கடைசியில் மலிவாக முடியும். எத்தனை நாளுக்குள் திருப்ப வேண்டும் என்பதையும் பில்லிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.