எலிக்குக் கொடுத்த அளவை அப்படியே 60-ஆல் பெருக்காதீர்கள்

மொரிஷியஸின் கிராண்ட் பாசினில் நாம் வாழைப்பழத்தைக் கையில் எடுத்ததுமே பிடுங்கிக்கொண்டு ஓடுமே ஒரு நீளவால் குரங்கு, அந்த இனத்தைத்தான் அந்த நாடு மருந்து ஆய்வுக்காக வெளிநாடுகளுக்கு அனுப்புகிறது. அது சரியா தவறா என்பது தனிச் சண்டை. அங்கே குரங்குக்குக் கொடுத்துப் பார்த்த மருந்தை முதல் மனிதருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று கணக்குப் போடுவது எப்படி, அதை மட்டும் பார்ப்போம்.

முதலில், எந்த அளவு வரை விலங்குக்கு ஒரு கெடுதலும் தெரியவில்லை என்று ஆய்வு அறிக்கையில் தேடுங்கள். எலிக்கு அது கிலோவுக்கு 50 மி.கி. என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோ ஆளுக்கு 3000 மி.கி. என்று பெருக்கினால் போச்சு. சின்ன உடம்பு எல்லாவற்றையும் வேகமாக எரிக்கும், சுண்டெலியின் இதயம் நிமிடத்துக்கு 500 தடவைக்கு மேல் அடிக்கும், மருந்தையும் அதே அவசரத்தில் வெளியே தள்ளிவிடும். அதனால் எடையை விட்டுவிட்டு உடற்பரப்பைப் பிடியுங்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2005-இல் வெளியிட்ட வழிகாட்டியில் ஒவ்வோர் உயிருக்கும் ஓர் எண் இருக்கிறது: சுண்டெலிக்கு 3, எலிக்கு 6, குரங்குக்கு 12, நாய்க்கு 20, மனிதருக்கு 37. விலங்கின் அளவை அதன் எண்ணால் பெருக்கி 37-ஆல் வகுக்க வேண்டும். 50 × 6 ÷ 37 = 8.1, அதாவது கிலோவுக்கு 8.1 மி.கி. 60 கிலோ ஆளுக்கு 486 மி.கி. 3000 எங்கே, இது எங்கே!

குரங்குக்கும் போடுங்கள். அதற்குக் கிலோவுக்கு 15 என்றால் 4.9 வரும். வேறு நல்ல காரணம் இல்லாவிட்டால் சின்ன எண்ணையே எடுத்துக்கொண்டு, அதையும் குறைந்தது 10-ஆல் வகுங்கள். 60 கிலோ ஆளுக்குச் சுமார் 29 மி.கி.

அப்புறம் கல்லீரல். மனிதர் தலைவலிக்குப் போடும் பாரசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும். அதை நம்மைப் போலக் கழிக்க அதன் கல்லீரலுக்குத் தெரியாது. உடற்பரப்புக் கணக்கில் இது எங்கேயும் தெரியாது. மனிதக் கல்லீரல் செல்லையும் விலங்கின் செல்லையும் தனித்தனித் தட்டில் வைத்து, மருந்து எவ்வளவு வேகமாகக் கரைகிறது, என்னவாக மாறுகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ரத்தப் புரதத்தில் ஒட்டாமல் எவ்வளவு மிச்சம் என்பதையும் பாருங்கள், வேலை செய்வது அந்த மிச்சம்தான்.

நான் அதிகம் பயப்படுவது கடைசிப் படிக்குத்தான்: மருந்து போய்ப் பிடிக்கும் இடம் இரு உடம்பிலும் ஒன்றுதானா? 2006-இல் லண்டனில் டிஜிஎன்1412 என்ற மருந்தை, நம் குரங்கின் இனமே தாங்கிய அளவில் 500-இல் ஒரு பங்குதான், ஆறு ஆரோக்கியமான இளைஞர்களுக்கு ஏற்றினார்கள். சில மணி நேரத்தில் ஆறு பேருமே தீவிர சிகிச்சைப் பிரிவில். பிழைத்தார்கள், நல்லவேளை. மருந்து பிடிக்கும் சிடி28 என்ற புரதம் மனிதரின் ஒருவகை டி செல்லில் (நோயெதிர்ப்புச் செல்) இருந்தது, குரங்கின் அதே வகை செல்லில் இல்லை. வகுத்தல் தப்பே இல்லை, குரங்குதான் தப்பு.

இப்படி நோயெதிர்ப்பைத் தூண்டும் மருந்தென்றால் கெடுதல் தெரியாத அளவிலிருந்து இறங்கி வராதீர்கள், மனித செல்லில் லேசாக வேலை தொடங்கும் அளவைக் கண்டுபிடித்து அங்கிருந்து ஏறுங்கள். லண்டனில் ஆறு பேருக்கும் சில நிமிட இடைவெளியில் அடுத்தடுத்து ஏற்றிவிட்டார்கள். நீங்கள் முதல் ஆளுக்குக் கொடுத்துவிட்டு, மற்றவர்களை அன்றைக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.