செடி வளர்க்கும் பெட்டிக்குக் காற்றோட்டம்: பலரும் சறுக்கும் இடங்கள்

பால்கனியில் வெயிலே விழாத ஃபிளாட்டில் இருப்பவர்கள் இப்போது பழைய பீரோவையோ பிளைவுட் பெட்டியையோ எடுத்து, உள்ளே வெள்ளை பெயின்ட் அடித்து, மேலே ஒரு எல்இடி விளக்கைத் தொங்கவிட்டு லெட்யூஸ், புதினா, கொத்தமல்லி என்று வளர்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் எந்த விளக்கு வாங்குவது என்று வாரக்கணக்கில் அலசுபவர்கள், ஃபேன் என்று வரும்போது வீட்டில் கிடக்கும் எதையாவது மாட்டிவிட்டுக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். அப்புறம் இலை சுருண்டால் உரத்தையும் தண்ணீரையும்தான் சந்தேகப்படுகிறார்கள், காற்றை அல்ல.

முதலில் ஒரு விஷயம் தெளிவாக இருக்க வேண்டும். ஃபேன் பெட்டியைக் குளிர வைக்காது. அறையில் 33 டிகிரி என்றால் எவ்வளவு பெரிய ஃபேன் போட்டாலும் உள்ளே இருக்கும் காற்று 33க்குக் கீழே இறங்காது. விளக்கின் சூட்டை எவ்வளவு வேகமாக வெளியே தள்ளுகிறோம் என்பதைப் பொறுத்து, 33க்கு மேலே எவ்வளவு ஏறுகிறது என்பதுதான் மாறும். இதற்கு ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது. விளக்கின் வாட்டை 3ஆல் பெருக்கி, ஃபேன் மணிக்கு எத்தனை கன மீட்டர் காற்றைத் தள்ளுகிறதோ அந்த எண்ணால் வகுத்தால், அறையைவிடப் பெட்டி எத்தனை டிகிரி கூடுதலாக இருக்கும் என்பது ஏறக்குறையக் கிடைத்துவிடும். ஃபேனில் சிஎஃப்எம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை கன அடி என்று போட்டிருந்தால் அதை 1.7ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். 60 வாட் விளக்கு, உண்மையிலேயே 30 சிஎஃப்எம் தள்ளும் ஃபேன் என்றால் சுமார் மூன்றரை டிகிரி கூடும். ஏப்ரல் மாதச் சென்னையில் 33 டிகிரி அறைக்குள் இது 36, 37 என்று போய் நிற்கும். லெட்யூஸ் விதை 30ஐத் தாண்டினாலே முளைக்க மறுக்கும், கொத்தமல்லி சீக்கிரமே பூத்துவிடும். அந்த மாதங்களில் கீரை, பேசில் போடுவதுதான் புத்திசாலித்தனம்.

அதனால் பெட்டி எந்தக் காற்றை உள்ளிழுக்கிறது என்பதற்குத்தான் அதிகம் மெனக்கெட வேண்டும், ஆனால் அங்கேதான் பெரிய தவறுகள் நடக்கின்றன. பரணில் வைக்கிறார்கள், அறையின் சூடெல்லாம் ஏறிப்போய்த் தங்கும் இடமே அதுதான். ஃபிரிட்ஜுக்குப் பக்கத்துச் சந்தில் வைக்கிறார்கள். ஃபிரிட்ஜ் உள்ளே இருந்து எடுத்த சூட்டை அந்தச் சந்தில்தான் கொட்டுகிறது. இன்னும் சிலர் ஸ்டோர் ரூமில் வைத்துக் கதவை மூடிவிட, பெட்டி வெளியே விட்ட வெந்த காற்றையே சுற்றிச் சுற்றி மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும். ஃபேன் நன்றாகத்தான் ஓடும், சூடு மட்டும் ஏறிக்கொண்டே போகும். ஜன்னல் வழியாக வெளியே விட முடிந்தால் குழாய் போட்டு விட்டுவிடுங்கள், முடியாவிட்டால் அறைக் கதவையாவது திறந்து வையுங்கள். செலவே இல்லாத இன்னொரு வழி, விளக்கை இரவு எட்டு மணிக்குப் போட்டு காலையில் அணைப்பது. செடிக்கு எது பகல் என்பதை விளக்குதான் சொல்கிறது, அறை குளிர்ந்திருக்கும் நேரத்தில் விளக்கின் சூடு சேர்ந்தால் தாங்கிக்கொள்ளலாம். விளக்கின் டிரைவரையும், அதாவது எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் அந்தத் தகரப் பெட்டியையும், வெளியே எடுத்து வைத்துவிட்டால் விளக்குச் சூட்டில் ஒரு பங்கு உள்ளே வராமலே போய்விடும்.

சரி, ஓட்டைகளுக்கு வருவோம். சூடான காற்று மேலே போகும் என்பதால் வெளியேற்றும் ஃபேன் மேலே இருக்க வேண்டும், உள்ளே வரும் வழி கீழே, எதிர்ப் பக்கச் சுவரில். இரண்டையும் ஒரே சுவரில் பக்கத்துப் பக்கத்தில் போட்டால் காற்று குறுக்கு வழியில் வந்து குறுக்கு வழியிலேயே போய்விடும், எதிர் மூலையில் இருக்கும் செடிக்கு ஒன்றுமே கிடைக்காது. ஃபேனுக்குப் பெரிய துளை போட்டுவிட்டு, உள்ளே வருவதற்கு ஆணியால் நாலு ஓட்டை குத்துகிறார்களே, அதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. உள்ளே வராத காற்றை ஃபேன் எப்படி வெளியே தள்ளும்? 12 செ.மீ. ஃபேன் போட்டால் கீழே அதே அளவில் இரண்டு துளைகளாவது வேண்டும்.

அந்தத் துளைகளை வலை இல்லாமல் விட்டால் கொசு வரும், கரப்பான் வரும், வெதுவெதுப்பாக இருக்கிறதே என்று பல்லி குடிவந்துவிடும். ஆனால் வலையும் காற்றைத் தடுக்கும், எவ்வளவு நெருக்கமான வலையோ அவ்வளவு அதிகமாக. வெள்ளை ஈக்குப் பயந்து 40 மெஷ் வலை (ஒரு இன்ச்சுக்கு 40 கண்) போடுபவர்கள், துளையின் மேலேயே ஒட்டாமல், துளையைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிய சட்டத்தில் வலையைக் கட்டி, துளையிலிருந்து கொஞ்சம் தள்ளி நிற்கும்படி மாட்டினால் காற்று குறையாது.

எந்த ஃபேன்? இரண்டடிக்கு இரண்டடி, நாலடி உயரம் என்றால் மொத்தமே 16 கன அடிதான், நிமிடத்துக்கு ஒருமுறை முழுக் காற்றும் மாறினால் பொதுவாகப் போதும் என்பார்கள். பார்த்தால் கம்ப்யூட்டர் ஃபேனே தாராளம் போலத் தெரியும். ஆனால் அட்டையில் போட்டிருக்கும் 60 சிஎஃப்எம் என்பது முன்னும் பின்னும் எதுவும் தடுக்காதபோது வரும் அளவு. வலை, துளை, குழாய் எல்லாம் சேர்ந்தால் பாதி வந்தாலே பெரிய விஷயம். குழாய் இல்லாமல் பெட்டியிலிருந்து நேரே அறைக்குள் விடுவதாக இருந்தால் கம்ப்யூட்டர் ஃபேன் ஓகே. நாலடி குழாய், அதில் இரண்டு வளைவு, கடைசியில் வாடையைப் பிடிக்கும் கரி ஃபில்டர் என்றெல்லாம் போனால் அந்த மெல்லிய இறக்கைக்குத் தள்ளத் திராணி இருக்காது. அங்கே குழாயோடு சேர்த்துப் பொருத்தும் நாலு இன்ச் இன்லைன் ஃபேனோ புளோயரோதான் வேண்டும். குழாயையும் இழுத்து நேராக்குங்கள். சுருக்கம் சுருக்கமாகத் தொங்கும் அலுமினியக் குழாய் பாதி பலத்தைத் தின்றுவிடும். கழிவறை எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுபவர்களும் உண்டு. காற்று வரும், ஆனால் படுக்கையறையில் ராத்திரி முழுக்க அந்தச் சத்தத்தோடு யாரும் தூங்க முடியாது, இரண்டாம் நாளே வீட்டில் யாராவது பிளக்கைப் பிடுங்கிவிடுவார்கள்.

மாட்டி முடித்ததும் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக் கீழ்த் துளைக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். புகை தயங்காமல் வளைந்து உள்ளே போக வேண்டும். அங்கேயே சோம்பலாக மேலே எழுந்தால் இழுப்பு போதவில்லை. அப்படியே கதவு இடுக்கு ஓரமாகப் பத்தியை மெதுவாக நகர்த்திக்கொண்டு போனால் எங்கெல்லாம் கள்ளத்தனமாகக் காற்று நுழைகிறது என்று புகையே காட்டிக்கொடுக்கும், அந்த இடங்களில் ஜன்னலுக்கு ஒட்டும் ஃபோம் டேப்பை ஒட்டிவிடலாம். மேலே ஃபேனுக்குப் பக்கத்தில் பிடிக்கும்போது புகை உள்பக்கமாகப் போனால் ஃபேனைத் தலைகீழாக மாட்டியிருக்கிறீர்கள். சட்டத்தின் ஓரத்தில் சின்ன அம்புக்குறி இருக்கும், பெரும்பாலானவர்கள் அதைப் பார்ப்பதே இல்லை.

காற்றை மாற்றுவது ஒரு வேலை, உள்ளே அசைத்துக்கொண்டிருப்பது வேறு வேலை. ஒரு ஃபேன் இரண்டையும் செய்யும் என்று நினைக்காதீர்கள். இலைகளுக்கு நடுவே காற்று நின்றுவிட்டால் அங்கே ஈரம் தேங்கும், நாற்று அடித்தண்டு அழுகிச் சாயும். லெட்யூஸில் இன்னொன்று நடக்கும்: நடுக் குருத்து இலைகளின் ஓரம் மட்டும் பழுப்பாகக் கருகும். கால்சியம் குறைபாடு என்று மருந்து வாங்கி ஊற்றுவார்கள். கால்சியம் பெரும்பாலும் மண்ணிலேயே இருக்கும். மூடிக்கிடக்கும் குருத்து இலைகள் நீரை ஆவியாக விடாததால் நீரோடு சேர்ந்து அது அங்கே ஏறவில்லை, அவ்வளவுதான். ஒரு சின்ன யுஎஸ்பி ஃபேனை இலைகளுக்கு மேலாகக் காற்று போகும்படி வைத்தால் புதிதாக வரும் இலைகள் தேறிவிடும். அதற்காகச் செடியின் முகத்துக்கு நேரே திருப்பி வைத்துவிடாதீர்கள், இலை லேசாகத் தலையாட்டினால் போதும், படபடவென்று அடிக்கக் கூடாது.

விளக்கு அணைந்ததும் ஃபேனையும் சேர்த்து அணைக்கும்படி ஒரே டைமரில் மாட்டுவது அடுத்த தவறு. 30 டிகிரியில் 65 சதவீத ஈரப்பதத்தோடு இருக்கும் அதே காற்று, ஒரு சொட்டு நீர் சேராமலே 26 டிகிரிக்கு இறங்கினால் 82 சதவீதம் ஆகிவிடும். மூடிய பெட்டியில் ஈர மண்ணும் செடியும் வேறு இருக்கின்றன. கதவைத் திறக்கும்போது உள்சுவரில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் இதுதான் காரணம், பூஞ்சைக்கு அதைவிட என்ன வேண்டும்? விளக்குக்குத் தனி டைமர் வையுங்கள், ஃபேன் எப்போதும் ஓடட்டும், மின்சாரம் இரண்டு மூன்று வாட்தான். சூட்டைப் பார்த்துத் தானாக ஓட வேண்டும் என்றால், முட்டை இன்குபேட்டர் செய்பவர்கள் வாங்கும் டபிள்யூ1209 போர்டு, அதாவது சூட்டை அளந்து சுவிட்சைப் போட்டு அணைக்கும் சின்ன சர்க்யூட், போதும். கூலிங் முறையில் வைத்திருக்கிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள், மாற்றி வைத்தால் சூடு ஏறியதும் ஃபேன் நின்றுவிடும்.

சூட்டை அளக்கும் சென்சாரை விளக்கின் வெளிச்சம் நேரே படும்படி தொங்கவிட்டால் இல்லாத சூட்டைக் காட்டும், தரையில் போட்டால் குறைத்துக் காட்டும். இலைகளின் உயரத்தில், மேலே ஒரு துண்டு அட்டை மறைக்கும்படி வையுங்கள்.

வெயில் காலத்தில் கீழ்த் துளையில் ஈரத்துணி தொங்கவிடச் சொல்கிறார்கள் சிலர். கோயம்புத்தூர், மதுரை மாதிரி காற்று காய்ந்திருக்கும் ஊர்களில் அது இரண்டு மூன்று டிகிரி குறைக்கும். சென்னை, நாகப்பட்டினம் பக்கம் செய்யாதீர்கள். ஏற்கெனவே ஈரமாக இருக்கும் காற்றில் துணி காயாது, பெட்டிக்குள் புழுக்கம்தான் கூடும்.

கடைசியாக, வலையையும் ஃபேன் இறக்கையையும் மாதம் ஒருமுறை பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துவிடுங்கள். ரோட்டுப் பக்கத்து வீடு என்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை.