புதிய கடல் மீனைத் தனிமைத் தொட்டியில் வைக்கும் முறை: முதல் நாள் முதல் எட்டாவது வாரம் வரை

பினாங்கு, பாயான் பாருவில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டில் நான் முதன்முதலாக அமைத்த கடல் மீன் தொட்டியில் இரண்டு கோமாளி மீன்களும் ஒரு மஞ்சள் டாங் மீனும் ஏழு மாதம் குறையின்றி வாழ்ந்தன. தைப்பூசத்திற்கு முந்தைய வாரம் ஒரு நீல டாங் மீனை வாங்கி வந்து, பையைச் சிறிது நேரம் மிதக்கவிட்டு, அதே தொட்டிக்குள் விட்டேன். கடையில் அது சுறுசுறுப்பாக நீந்தியது. என் கண்முன்னே இறால் துண்டைத் தின்றது. உடலில் ஒரு புள்ளியும் இல்லை. ஐந்தாம் நாள் அதன் மூச்சு வேகமெடுத்தது. ஒன்பதாம் நாள் அந்தத் தொட்டியில் ஒரு மீனும் மிஞ்சவில்லை.

கடைக்காரர் என்னை ஏமாற்றியதாக நான் நினைக்கவில்லை. பல கடைகளில் எல்லாத் தொட்டிகளின் நீரும் ஒரே வடிகட்டி வழியாகச் சுற்றிவருகிறது; வெவ்வேறு கடல்களிலிருந்து வந்த மீன்கள் அங்கே ஒரே நீரைப் பகிர்ந்துகொள்கின்றன. உப்பைக் குறைத்தோ மருந்தாகச் சிறிதளவு தாமிரம் கலந்தோ நீரை வைத்திருக்கும் கடைகளும் உண்டு. அத்தகைய நீரில் நோய் அடங்கியிருக்குமே தவிர அழிந்திருக்காது. ஆகவே கடையில் மீன் எப்படி இருந்தது என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. புதிய மீனைப் பெரிய தொட்டியில் விடுவதற்கு முன் தனியே வைத்துக் கவனிக்கும் தனிமைத் தொட்டியில் அது எத்தனை நாள் இருக்க வேண்டும் என்பதை அதன் தோற்றத்தைப் பார்த்துத் தீர்மானிக்காமல், ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுற்றைக் கொண்டு கணக்கிட வேண்டும். கீழே நான் சொல்லும் ஒவ்வொரு படியும் இந்தக் கணக்கிலிருந்தே வருகிறது.

எதிரி எப்படி வாழ்கிறது

புதியவர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒட்டுண்ணிகளில் முதன்மையானவை இரண்டு. வெண்புள்ளி நோயைத் தரும் கிரிப்டோகேரியான் இரிட்டன்ஸ் ஒன்று. வெல்வெட் நோயைத் தரும் அமைலூடினியம் ஒசெல்லாட்டம் மற்றொன்று. வெல்வெட் ஒட்டுண்ணியை 1931ஆம் ஆண்டிலும், வெண்புள்ளி ஒட்டுண்ணியை 1951ஆம் ஆண்டிலும் பெயரிட்டு விவரித்தவர் பிரௌன் என்ற ஒரே ஆய்வாளர்.

வெண்புள்ளி ஒட்டுண்ணி மீனின் தோலுக்கும் செவுளுக்கும் அடியில் புகுந்து சுமார் மூன்று முதல் ஏழு நாள் வரை தின்று வளர்கிறது. நாம் காணும் உப்புக்கல் போன்ற புள்ளி அதுதான். பிறகு அது மீனை விட்டு இறங்கி, கண்ணாடியிலோ பாறையிலோ மணலிலோ ஒட்டிக்கொண்டு கூடு கட்டுகிறது. அப்போது மீனின் உடல் சுத்தமாகத் தெரியும். நோய் தானாகவே போய்விட்டது என்று பலர் மகிழ்வது அந்த நாள்களில்தான். கூட்டுக்குள் அது நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிகிறது. பெரும்பாலான கூடுகள் மூன்று நாளிலிருந்து நான்கு வாரத்திற்குள் திறந்துவிடுகின்றன. 72 நாள் கழித்துத் திறந்தவையும் பதிவாகியுள்ளன. வெளிவரும் குஞ்சுகள் ஓரிரு நாளுக்குள் ஒரு மீனைப் பற்றிக்கொள்ளாவிட்டால் இறந்துவிடும்.

தாமிரம் கொல்வது நீரில் நீந்தித் திரியும் இந்தக் குஞ்சுகளை மட்டுமே. மீனின் தோலுக்கடியில் இருப்பதையும் கூட்டுக்குள் இருப்பதையும் அது தொடுவதில்லை. மருந்தை இரண்டு நாள் ஊற்றிவிட்டு நிறுத்துவது ஏன் பயன்படாது என்பதற்கும், ஒரு மாதம் ஏன் தேவைப்படுகிறது என்பதற்கும் இதுவே காரணம். வெல்வெட் ஒட்டுண்ணியும் இதே போன்ற மூன்று நிலைகளைக் கொண்டதுதான். ஆனால் அதன் சுற்று மிக வேகமானது, புள்ளிகள் பொன்துகள் போல நுண்ணியவை, பல நேரங்களில் அவை கண்ணில் படுவதற்கு முன்பே செவுள்கள் அழிந்துவிடுகின்றன.

மீன் வாங்குவதற்கு நான்கு வாரம் முன்பு

ஒரு புதிய ஸ்பாஞ்ச் ஃபில்டரை வாங்கி, உங்கள் பெரிய தொட்டியின் சம்ப்பில் (அதோடு இணைந்த வடிகட்டித் தொட்டியில்) போட்டு வையுங்கள். அம்மோனியாவை உண்ணும் பாக்டீரியாக்கள் அதில் குடியேற ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். அவசரத்தில் இந்தப் படியைத் தாண்டியவர்களின் மீன்கள் நோயால் அல்லாமல் அம்மோனியாவால் செத்ததை நான் கண்டிருக்கிறேன். இன்னும் பெரிய தொட்டியே அமைக்காதவர்கள், புட்டியில் விற்கப்படும் பாக்டீரியாவையும் சிறிது அம்மோனியாவையும் கொண்டு தனிமைத் தொட்டியைப் பழக்கப்படுத்தலாம்.

தனிமைத் தொட்டிக்கு இரண்டு அடி நீளமுள்ள சாதாரணக் கண்ணாடித் தொட்டி போதும். 60 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 30 உயரத்திற்குத் தண்ணீர் என்றால், மூன்றையும் பெருக்கி 1000ஆல் வகுக்கும்போது 54 லிட்டர் வரும். இந்த எண்ணைத் தொட்டியின் பக்கத்திலேயே எழுதி ஒட்டுங்கள். மருந்தின் அளவு முழுவதும் இதைப் பொறுத்தது. உள்ளே மணலும் வேண்டாம், பாறையும் வேண்டாம். இரண்டும் தாமிரத்தை உறிஞ்சிக்கொள்ளும், ஒட்டுண்ணியின் கூடுகளுக்கு இடமும் கொடுக்கும். மீன் ஒளிந்துகொள்வதற்கு ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் பி.வி.சி. குழாய் முழங்கைகள் நான்கைந்து போதும். ஒளிய இடமில்லாத மீன் உண்ணாது என்பதால் இதை அலட்சியம் செய்யாதீர்கள்.

தண்ணீருக்கு ஆர்.ஓ. நீரையும் செயற்கைக் கடல் உப்பையும் பயன்படுத்துங்கள்; 54 லிட்டருக்கு ஏறக்குறைய இரண்டு கிலோ உப்பு செலவாகும். பத்து பிரிங்கி கடற்கரையில் இறங்கி இரண்டு கேன் கடல்நீர் அள்ளி வந்தால் போதாதா என்று பினாங்கில் இருப்பவர்கள் கேட்பார்கள். கரையோரக் கடல்நீர் ஒட்டுண்ணிகளையும் கால்வாய்க் கழிவுகளையும் சேர்த்தே கொண்டுவரக்கூடும். நோயைத் தடுப்பதற்கென்று அமைக்கும் தொட்டிக்கு அது தகாது.

நம் ஊர் அறைகளில் தொட்டி நீர் எளிதாக 29, 30 டிகிரி வரை ஏறிவிடும். மீனுக்கு 26 அல்லது 27 டிகிரி நல்லது. நீர்ப்பரப்பின் மேல் ஒரு சிறு விசிறியை வைத்தால் சூடு ஓரிரண்டு டிகிரி தணியும். இரவில் குளிர்சாதனம் ஓடும் படுக்கையறையில் தொட்டி இருந்தால், நேர்மாறாக 50 வாட் ஹீட்டர் தேவைப்படும். இடி மின்னலில் மெயின் சுவிட்ச் விழுந்துவிடும் வீடுகளில் பேட்டரியில் இயங்கும் ஏர் பம்ப் ஒன்றைக் கைவசம் வைத்திருங்கள்.

தொட்டியை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். வெல்வெட் ஒட்டுண்ணி, குமிழிகள் உடையும்போது தெறிக்கும் நுண்துளிகளில் ஏறி, காற்றோட்டத்தில் 3 மீட்டர் வரை பரவக்கூடும் என்று 2006ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கூரை விசிறி சுழலும் ஒரே கூடத்தில் இரண்டு தொட்டிகளையும் வைக்காமல், தனி அறையில் வையுங்கள். வலை, வாளி, துணி எல்லாம் தனியாக இருக்கட்டும். ஈரக் கையோடு ஒரு தொட்டியிலிருந்து மற்றொன்றுக்குப் போகாதீர்கள்.

மீன் வரும் நாளும் முதல் மூன்று நாள்களும்

கடையிலிருந்து புறப்படும்போதே அந்த நீரின் உப்படர்த்தியை (நன்னீரை 1 என்று கொண்டு உப்புநீரின் அடர்த்தியைக் காட்டும் எண்ணை) கேட்டறியுங்கள், அல்லது வீட்டில் பையைத் திறந்ததும் ரிஃப்ராக்டோமீட்டரால் அளந்து பாருங்கள். கடைகளில் அது 1.018 முதல் 1.020 வரை இருப்பது வழக்கம். நம் பெரிய தொட்டியில் 1.025 இருக்கும். தனிமைத் தொட்டியின் நீரை முன்கூட்டியே கடை நீரின் அளவுக்குச் சமப்படுத்தி வைத்தால், பையைப் பதினைந்து நிமிடம் மிதக்கவிட்டு வெப்பநிலை சமமானதும் மீனை உடனே மாற்றிவிடலாம். பிறகு நாளொன்றுக்கு 0.002க்கு மேல் போகாமல் உப்பை ஏற்றுங்கள். நெடுநேரம் பயணித்த மீனுக்குச் சொட்டுச் சொட்டாக நீர் கலக்கும் பழக்கம் கேடு விளைவிக்கும். பையைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேறி, நீரின் பி.எச். உயர்ந்து, பையில் சேர்ந்திருக்கும் அம்மோனியா நச்சாக மாறுகிறது. பை நீரைத் தொட்டியில் ஊற்றவே கூடாது.

முதல் இரண்டு மூன்று நாள் மருந்தின்றி இருக்கட்டும். விளக்கை மங்கலாக வைத்து, மீனை உண்ண வைப்பதில் கவனம் செலுத்துங்கள். உறைந்த மைசிஸ் (இறால் போன்ற சிற்றுயிர்), பொடியாக நறுக்கிய இறால், டாங் வகைகளுக்கு மசாலா சேர்க்காத நோரி (உலர்ந்த கடற்பாசித் தாள்) ஆகியவை போதும். பூண்டுச் சாறு நோயைக் குணப்படுத்தும் என்று சொல்பவர்களை நம்பி மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஆனால் மீன் மிக வேகமாக மூச்சு வாங்கினாலோ, வெளிச்சத்தைக் கண்டு ஒதுங்கினாலோ, பம்பின் நீரோட்டத்தில் முகத்தை வைத்தபடியே நின்றாலோ, அது வெல்வெட் ஆக இருக்கலாம். அன்றே தாமிரத்தைத் தொடங்குங்கள். கோமாளி மீனின் தோல் சளி போல உரிந்து தொங்கினால் அது புரூக்லினெல்லா என்ற வேறு நோய். தாமிரம் அதற்குப் பயன்படாது, ஃபார்மலின் தேவைப்படும். ஃபார்மலின் மனிதருக்கும் நச்சு என்பதால் அனுபவமுள்ளவரின் துணையின்றி அதைக் கையாளாதீர்கள்.

முப்பது நாள் தாமிரம்

வாங்கிய புட்டியில் இருப்பது எந்த வகைத் தாமிரம் என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். கீலேட் செய்யப்பட்ட, அதாவது வேறொரு சேர்மத்தோடு பிணைக்கப்பட்ட, தாமிரத்தை லிட்டருக்கு ஏறத்தாழ 2 முதல் 2.5 மில்லிகிராம் வரை வைக்கிறோம். அப்படிப் பிணைக்கப்படாத அயனித் தாமிரத்திற்கு 0.5 மில்லிகிராமே உச்சம். ஒன்றின் அளவை மற்றொன்றுக்குப் பயன்படுத்தினால் மீன் செத்துவிடும். லேபிளில் உள்ள அளவை இருமுறை படித்து, கணக்கைத் தாளில் எழுதிப் பாருங்கள்.

முழு அளவையும் ஒரே நாளில் ஊற்றாமல், மூன்று நான்கு நாளில் படிப்படியாக ஏற்றுங்கள். அப்போது பெரும்பாலான மீன்கள் உணவை விடுவதில்லை. வெல்வெட் என்று தெரிந்த மீனுக்கு மட்டும் ஒரு நாளில் ஏற்ற வேண்டியிருக்கும். இலக்கை எட்டிய நாளே முதல் நாள். சமையலறையில் தொங்கும் நாள்காட்டியில் அன்றைய தேதியில் ஒன்று என்று எழுதி, முப்பது வரை தொடருங்கள். இடையில் ஒரு நாள் அளவு இலக்குக்குக் கீழே இறங்கினால், மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்.

அளப்பதற்கு எண்களைக் காட்டும் மின்னணுக் கருவி வேண்டும். நிறம் பார்த்துச் சொல்லும் சோதனைப் பெட்டிகளில் 1.5க்கும் 2.5க்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணால் பிரித்தறிவது கடினம். இந்த முழு முறையிலும் பணத்தைச் சிக்கனம் பிடிக்கக் கூடாத இடம் ஒன்று உண்டென்றால் அது இந்தக் கருவிதான் என்பது என் உறுதியான கருத்து.

விசிறி ஓடும் தொட்டியில் நீர் வேகமாக ஆவியாகும். தாமிரமும் உப்பும் ஆவியாவதில்லை. 54 லிட்டரில் 2.3 மில்லிகிராம் என்று வைத்திருந்த தொட்டி 50 லிட்டராகச் சுருங்கினால், அளவு தானாகவே 2.48 ஆகிவிடும். எனவே தொட்டியில் ஒரு கோடு போட்டு, நாள்தோறும் அந்தக் கோடு வரை ஆர்.ஓ. நன்னீரை ஊற்றுங்கள். அழுக்கு நீரை மாற்றும்போது நிலைமை வேறு: பத்து லிட்டர் எடுத்தால், ஊற்றப்போகும் பத்து லிட்டர் உப்புநீரிலும் அதே அளவு தாமிரத்தை முன்பே கலந்திருக்க வேண்டும்.

அம்மோனியாவை நாள்தோறும் பாருங்கள். அது ஏறினால் நீரை மாற்றுங்கள். அம்மோனியாவைக் கட்டிப்போடும் திரவங்களைத் தாமிரம் உள்ள நீரில் ஊற்றாதீர்கள், அவற்றில் பல தாமிரத்தை மேலும் நச்சுள்ள வடிவத்திற்கு மாற்றிவிடுகின்றன.

பட்டர்வொர்த்தில் இருக்கும் இளைஞர் ஒருவர் பன்னிரண்டாம் நாளில் என்னை அழைத்து, “அண்ணே, மீன் நல்லா சாப்பிடுது, புள்ளியும் இல்ல. எதுக்கு இன்னும் பதினெட்டு நாள்?” என்று கேட்டார். மீன் நன்றாக இருப்பது தொட்டியின் அடியில் திறக்காமல் கிடக்கும் கூடுகளைப் பற்றி ஒன்றும் சொல்லாது என்று விளக்கினேன். அவர் பொறுத்துக்கொண்டார்; அந்த மீன் இன்றும் அவர் வீட்டில் இருக்கிறது.

மாண்டரின் மீன், சிறுத்தை ராஸ், சுறா, திருக்கை போன்றவற்றுக்குத் தாமிரம் ஒத்துக்கொள்ளாது. முதல் முறை தனிமைப்படுத்தும் ஒருவர் இவற்றை வாங்காமல் இருப்பதே நல்லது.

தட்டைப்புழுவுக்கான மருந்து

முப்பதாம் நாள் முடிந்ததும் பாதி நீரை மாற்றி, வடிகட்டியில் கார்பன் (நீரிலுள்ள மருந்தை உறிஞ்சும் கரி) வைத்துத் தாமிரத்தை நீக்குங்கள். அடுத்து, தோலிலும் கண்ணிலும் ஒட்டும் தட்டைப்புழுக்களுக்குப் பிரசிகுவாண்டல் கொடுக்க வேண்டும். அதற்கு முன் கார்பனை எடுத்துவிடுங்கள். லிட்டருக்கு ஏறக்குறைய 2.5 மில்லிகிராம் அளவில் ஒரு முறை கொடுத்து, ஏழு நாள் கழித்து நீரை மாற்றி மறுமுறை கொடுங்கள். முட்டைகளை இந்த மருந்து கொல்லாது. பொரித்து வருபவற்றைப் பிடிக்கவே இரண்டாம் முறை. இந்நாள்களில் நீரில் பாக்டீரியா பெருகி ஆக்சிஜன் குறையக்கூடும் என்பதால் ஏர் பம்பைக் கூட்டி வையுங்கள்.

அதன் பிறகு இரண்டு வாரம் மருந்தில்லாத நீரில் மீனைக் கவனியுங்கள். இதோடு ஏறக்குறைய எட்டு வாரம் ஆகியிருக்கும். தீபாவளிக்கு ஊருக்குப் போகும் எண்ணம் இருந்தால், இந்த எட்டு வாரத்தையும் அதற்கு முன்போ பின்போ முழுமையாக வைத்துத் திட்டமிடுங்கள்.

பெரிய தொட்டியில் ஏற்கெனவே நோய் இருந்தால்

புதிய மீனை எவ்வளவு கவனமாகத் தனிமைப்படுத்தினாலும், நோயுள்ள தொட்டிக்குள் விட்டால் எல்லாம் வீணாகும். அப்படியானால் பெரிய தொட்டியிலுள்ள மீன்கள் அனைத்தையும் வெளியே எடுத்து இதே சிகிச்சையைக் கொடுத்து, பெரிய தொட்டியை 76 நாள் மீனில்லாமல் ஓடவிட வேண்டும். 72 நாள் கழித்தும் திறக்கும் கூடுகள் உண்டு என்பதால் வந்த எண் அது. பவளங்கள், நத்தைகள், இறால்கள் அங்கேயே இருக்கலாம். புதிதாக வாங்கும் பவளத்தின் அடிக்கல்லிலும் நத்தையின் ஓட்டிலும் கூடுகள் ஒட்டியிருக்கக்கூடும். அவற்றையும் மீனில்லாத, தாமிரம் படாத வேறொரு தொட்டியில் அதே 76 நாள் வைத்திருங்கள்.

மாற்றும் நாள்

தனிமைத் தொட்டியின் உப்படர்த்தியும் வெப்பநிலையும் பெரிய தொட்டிக்குச் சமமாக உள்ளனவா என்று பாருங்கள். மீனை ஒரு டப்பாவில் பிடித்து, நீரை வடித்துவிட்டு, மீனை மட்டும் பெரிய தொட்டியில் விடுங்கள். மாலையில் விளக்கு அணைந்த பிறகு விட்டால் பழைய மீன்கள் அதைக் குறைவாகத் துரத்தும்.

தாமிரம் பட்ட ஸ்பாஞ்ச், குழாய்கள், ஹீட்டர் எதுவும் பெரிய தொட்டிக்குத் திரும்பக் கூடாது. பவளங்களையும் இறால்களையும் அது கொன்றுவிடும். தொட்டியை குளோரின் கலந்த நீரால் கழுவி, பலகணியில் வெயில் படும்படி முற்றிலும் உலர வையுங்கள். அடுத்த மீனை வாங்கும் எண்ணம் வந்தால், அன்றே இன்னொரு புதிய ஸ்பாஞ்சைச் சம்ப்பில் போட்டுவிடுங்கள். நான்கு வாரம் கழித்துக் கடைக்குப் போகலாம்.