சென்னையில் பழைய தனி வீடு வாங்கும் முன்: படிப்படியாகப் பார்ப்பது எப்படி

"ஒரு கிரவுண்டு, கிழக்குப் பார்த்த வாசல். உள்ளே இருக்கிற வீட்டுக்கு விலையே போடலை சார், மனைக்கு மட்டும்தான்."

அடையாறு காந்தி நகர், மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை என்று எங்கே போனாலும் புரோக்கர் முதலில் சொல்வது இதுதான். பாதி உண்மை. பணம் மனைக்குப் போகிறது, ஆனால் தலைவலி வீட்டிலிருந்துதான் வருகிறது. சித்தப்பா பையனுக்காகப் போன வருஷம் முழுக்க இப்படி வீடு பார்த்து அலைந்தேன். அதில் படித்ததை, முதல்முறை வீடு பார்க்கப் போகிறவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன். காசு செலவாகாத வேலைகளை முன்னால் வைத்திருக்கிறேன். வக்கீல், இன்ஜினியர் எல்லாம் அப்புறம்.

1. இடிக்கவா, குடியிருக்கவா?

வீட்டுக்குள் கால் வைக்கும் முன்பே இதை முடிவு செய்துவிடுங்கள். இடிப்பதாக இருந்தால் சுவர் விரிசலைப் பார்த்துக் கவலைப்படுவது வீண். அப்போது பார்க்க வேண்டியது மனையின் அளவு, முகப்பின் அகலம், சாலையின் அகலம். ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. இப்போதுள்ள விதிப்படி சாதாரணக் குடியிருப்புக் கட்டடத்துக்குத் தளப்பரப்புக் குறியீடு (FSI, அதாவது எல்லாத் தளத்தையும் சேர்த்து மனையின் அளவைப்போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு) 2. கணக்குப் பார்த்தால் 4,800 சதுர அடி வரை கட்டலாம். ஆனால் சந்து குறுகலாக இருந்தாலோ, முகப்பு ஒடுங்கி மனை நீளவாக்கில் போனாலோ, நாலு பக்கமும் இடம் விட்டது போக அத்தனையும் கிடைக்காது. பெசன்ட் நகர் கடற்கரை ஓரமும் அடையாற்றுக் கரை ஓரமும் கடற்கரை ஒழுங்குமுறை விதிகளும் சேர்ந்துகொள்ளும். கையில் ஒரு டேப் கொண்டுபோய் மனையை நீங்களே அளந்து பாருங்கள். பத்திரத்தில் 40 அடி என்று இருக்கும், காம்பவுண்டுக்குள் 38 அடிதான் இருக்கும்.

"இப்போதைக்குக் குடியிருப்போம், ஐந்து வருஷம் கழித்து இடித்துக் கட்டுவோம்" என்று சிலர் சொல்வார்கள். எனக்குத் தெரிந்து இதைவிடச் செலவு பிடித்த முடிவு கிடையாது. ரிப்பேருக்கு ஒரு முறை, புது வீட்டுக்கு ஒரு முறை என்று இரண்டு தடவை பணம் போகும்.

குடியிருக்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் மேலே படியுங்கள்.

2. முதல் கால் மணி நேரம் தெருவிலேயே நில்லுங்கள்

ஒவ்வொரு முறை தார் போடும்போதும் சாலை கொஞ்சம் உயர்கிறது. 1950களில் மூன்று படி ஏறிப் போன வீட்டுக்கு இன்று ஒரு படி இறங்கிப் போக வேண்டியிருக்கும். கொத்தனார் வைத்திருக்கும் லெவல் டியூப், அதாவது தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாய், ஒன்று போதும். சாலை நடுவையும் ஹால் தரையையும் ஒப்பிட்டுவிடலாம். தரை சாலையைவிடத் தாழ்ந்திருந்தால் அதைச் சரிசெய்யச் சுலபமான வழியே இல்லை. தரையை உயர்த்தினால் கதவு நிலை இடிக்கும், கூரை தலையில் தட்டும்.

அடுத்து, தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரிடம் பேச்சுக் கொடுங்கள். வீட்டுக்காரர் மறப்பதும் புரோக்கர் மறைப்பதும் அவருக்கு ஞாபகம் இருக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு பொங்கியபோதும், 2023 மிக்ஜாம் புயலின்போதும் இந்தத் தெருவில் தண்ணீர் எங்கே நின்றது என்று கேளுங்கள். நாங்கள் கேட்டபோது ஒருவர் வாயால் பதில் சொல்லவில்லை. தன் வண்டிக் காலில் பாதி உயரத்தைத் தொட்டுக் காட்டினார். வீட்டுக்காரரோ "எங்க தெருவுல தண்ணியே வராது" என்று சற்றுமுன்தான் சொல்லியிருந்தார்.

3. கூரை

பழைய வீட்டில் எதற்காவது அரை நாள் ஒதுக்குவதென்றால் கூரைக்கு ஒதுக்குங்கள். சென்னையில் இரண்டு வகை பார்ப்பீர்கள்.

ஒன்று மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அவற்றின் மேல் சின்னச் செங்கற்களைச் சுண்ணாம்புக் காரையில் சாய்வாக நிறுத்தி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, மேலே தட்டோடு (தட்டையான சுட்ட மண் ஓடு) பதித்த கூரை. கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் கலந்த காரை. பராமரித்தால் நூறு வருஷம் நிற்கும், கோடையில் வீடும் குளுமையாக இருக்கும். அதன் பலவீனம் ஒரே இடத்தில்: கட்டை சுவருக்குள் நுழையும் முனை. மாடியில் மழைத்தண்ணீர் தேங்கினால் அங்கேதான் இறங்கி, கட்டை உள்ளுக்குள்ளேயே மக்கும். ஏணி போட்டு ஏறி, வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு, ஒவ்வொரு முனையிலும் ஸ்க்ரூடிரைவரால் மெல்லக் குத்திப் பாருங்கள். நல்ல தேக்கு முனையை உள்ளே விடாது. நாங்கள் பார்த்த ஒரு வீட்டில் ஹால் முழுக்கப் பளபளவென்று வார்னிஷ். ஸ்டோர் ரூம் மூலையில் மட்டும், டீயில் முக்கிய ரஸ்க்கில் இறங்குவதுபோல ஸ்க்ரூடிரைவர் இரண்டு அங்குலம் இறங்கியது.

இன்னொன்று கான்கிரீட் கூரை. 1960, 70களில் கட்டியவை பெரும்பாலும் இதுதான். இதில் எதிரி உள்ளே இருக்கும் கம்பி. துருப்பிடித்தால் கம்பி வீங்கும், வீங்கினால் அடிப்பக்கக் கான்கிரீட் பெயர்ந்து விழும். கடல் காற்று படும் பெசன்ட் நகர், சாந்தோம் பக்கம் இது சீக்கிரம் வரும். கீழிருந்து ஒரு கோலால் தட்டுங்கள். கெட்டியான சத்தம் வந்தால் சரி, பொத்தென்று வெற்றுச் சத்தம் வந்தால் உள்ளே கான்கிரீட் விட்டுப்போயிருக்கிறது. கம்பி ஓடும் வரிசையிலேயே நேர்கோடாக விரிசல் தெரிந்தாலும் அதே கதைதான். புதிதாக பால்ஸ் சீலிங் போட்ட பழைய வீடு என்றால், ஒரு பலகையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மாட்டேன் என்றால் காரணம் இருக்கும்.

வீடு பிடித்துப்போனால் இந்தக் கட்டத்தில் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூட்டிவாருங்கள். கான்கிரீட்டை லேசாக உடைத்து ஃபீனால்ப்தலீன் தெளிப்பார். இளஞ்சிவப்பாக மாறினால் கம்பிக்குப் பாதுகாப்பு இன்னும் மிச்சமிருக்கிறது. நிறமே மாறாத பகுதி கம்பி வரை போயிருந்தால் பாதுகாப்புப் போய்விட்டது என்று அர்த்தம். பார்க்கப் பள்ளிக்கூட லேப் மாதிரி இருக்கும். ஆனாலும் அந்த ஒரு கலர் பல லட்சத்தைத் தீர்மானிக்கும்.

4. மற்றவை, சட்டென்று

சுவரின் அடியில் மூன்றடி வரை பெயின்ட் பொரிந்து உப்புப் பூத்திருந்தால் ஓதம், அதாவது தரையின் ஈரம், சுவரில் ஏறுகிறது. மேலே புட்டி பூசினால் அடுத்த மழைக்கு மறுபடி வரும். கதவு நிலைகளின் கால் பகுதியில் கரையான் பாருங்கள். வயரிங்கை யோசிக்கவே வேண்டாம், முழுக்க மாற்றுவதாகவே கணக்குப் போடுங்கள். கழிவுநீருக்குப் பழைய மண் குழாயாக இருந்தால் வேப்பமர வேர் உள்ளே போயிருக்கலாம். கிணறோ போரோ இருந்தால் மே மாதத்தில் எத்தனை அடியில் தண்ணீர், உப்பா நல்ல தண்ணீரா என்று கேளுங்கள்.

ரெட் ஆக்சைடு தரை நன்றாக இருந்தால் தயவுசெய்து டைல்ஸ் போடாதீர்கள். இது அறிவுரை இல்லை, வேண்டுகோள்.

5. காகிதங்கள்

மூலப்பத்திரத்திலிருந்து இன்று வரை ஒரு கண்ணி விடாமல் வர வேண்டும். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தை நீங்களே பார்க்கலாம், பெரும்பாலும் 1975 முதல் கிடைக்கும். அதற்கு முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். ஐம்பதுகளில் கட்டிய வீட்டுக்கு அந்தப் பழைய பாதிதான் முக்கியம். மயிலாப்பூர்ப் பக்கம் என்றால் மனை கோயிலுக்குச் சொந்தமா என்பதை முதலில் கேளுங்கள். கோயில் மனையில் கட்டடம் மட்டும் கைமாறும் வீடுகள் அங்கே உண்டு. அப்படி என்றால் அது வேறு வியாபாரம்.

இந்த வயது வீடுகளில் உண்மையான சிக்கல் வாரிசு. தாத்தா பெயரில் பட்டா, அவருக்கு மூன்று மகன்கள், இரண்டு மகள்கள், அவர்களில் இரண்டு பேர் வெளிநாட்டில். "தங்கச்சிங்களுக்கு அப்பவே நகை போட்டுக் கல்யாணம் பண்ணிட்டோம், அவங்க கேக்க மாட்டாங்க" என்று பெரிய மகன் சொல்வார். கேட்க மாட்டார்கள் என்பது வேறு, உரிமை இல்லை என்பது வேறு. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, சொந்தமாகச் சம்பாதித்த வீட்டை உயில் எழுதாமல் விட்டுப்போனவரின் மனைவி, மகன், மகள், உயிரோடிருந்தால் அவருடைய அம்மா, எல்லாருக்கும் 1956 முதலே சம பங்கு. பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிவாகியிருக்க வேண்டும், இல்லையென்றால் அத்தனை பேரும் கிரயத்தில் கையெழுத்துப் போட வேண்டும். உயில் காட்டினால் புரோபேட் (உயில் செல்லும் என்று நீதிமன்றம் தரும் சான்று) வாங்கினார்களா என்று வக்கீலிடம் கேளுங்கள். சென்னைச் சொத்துகளுக்கு அது நெடுங்காலம் கட்டாயமாக இருந்தது.

வெளிநாட்டுப் பங்காளி தன் சார்பில் கையெழுத்துப் போட இங்கே ஒருவருக்குப் பவர் கொடுத்தால், அங்குள்ள இந்தியத் தூதரகத்திலோ நோட்டரியிடமோ சான்று பெற்றிருக்க வேண்டும். அந்தப் பத்திரம் இந்தியாவுக்கு வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியிருக்க வேண்டும். எழுதிக் கொடுத்தவர் இறந்துவிட்டால் பவரும் முடிந்தது. ஆகவே கிரயத்தன்று அவர் உயிரோடிருப்பதற்கான சான்றும் கேட்பார்கள்.

உள்ளே வாடகைக்கு யாராவது இருந்தால், அவர்கள் காலி செய்து சாவி உங்கள் கையில் வந்த பிறகே பதிவு.

6. பணக் கணக்கு

முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. பத்திரம் 5 கோடிக்கு என்றால் இதற்கே 45 லட்சம். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ போனால் விற்பவர் பெயரில் 1% வரி பிடித்து நீங்கள்தான் கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் பிடித்தம் பல மடங்கு. விட்டுவிட்டால் வருமான வரித்துறை உங்களைத்தான் கேட்கும். வங்கிக் கடன் வாங்குவதாக இருந்தால் கட்டடத்தின் வயதைச் சொல்லி முன்கூட்டியே பேசுங்கள்.

இன்ஜினியர் எழுதித் தந்த ரிப்பேர் மதிப்பீட்டை வைத்து விலை பேசலாம் என்று நாங்களும் போனோம். அந்த ஸ்டோர் ரூம் மூலை, மேல்தளம், வயரிங் எல்லாம் கூட்டிக் காட்டினோம். விற்கிற குடும்பத்தின் பெரிய மகன் காகிதத்தை நிதானமாகப் படித்துவிட்டு, "வீட்டுக்குத்தான் நான் விலையே போடலையே தம்பி, இதுல எதைக் குறைக்கிறது?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. விலையை விட்டுவிட்டு, நியூ ஜெர்சியில் இருக்கும் தங்கையின் பவர் கையில் வரும் வரை ஒரு லட்சத்துக்கு மேல் அட்வான்ஸ் தர மாட்டோம் என்று மட்டும் அக்ரிமெண்டில் எழுதச் சொன்னோம். "அதுக்கென்ன, அடுத்த வாரமே வந்துடும்" என்றார். ஐந்து மாதம் ஆகிறது, பவர் இன்னும் வரவில்லை.