மலைமுனைக் கோட்டையின் மண்கரையைப் படிக்கும் முறை

பிள்ளைகளைப் பார்க்க இங்கிலாந்து செல்லும் புதுச்சேரிப் பெற்றோரை, ஏதாவதொரு ஞாயிற்றுக்கிழமை, பழைய கோட்டை என்று சொல்லி வெறும் புல்மேட்டுக்கு அழைத்துப் போவதுண்டு. செஞ்சியை மனத்தில் வைத்துப் போனால் ஏமாற்றம்தான். அங்கே புல் மூடிய கரையும் பள்ளமும் மட்டுமே இருக்கும். அவற்றைப் படிக்கும் பயிற்சியைப் பாகூர் ஏரிக்கரையிலேயே தொடங்கலாம்.

கரைக்கு மண் எடுத்த பள்ளம் எந்தப் பக்கம் என்பதையே முதலில் பார்க்க வேண்டும். ஏரி நீரை உள்ளே நிறுத்துவது என்பதால் மண்ணை உட்புறம் வெட்டிக் கரையில் போடுகிறோம். கோட்டையிலோ பள்ளம் பெரும்பாலும் வெளிப்புறம். தாக்க வருபவன் அதில் இறங்கி, அடியிலிருந்து கரையின் உச்சிவரை ஏறியாக வேண்டும். பழந்தமிழில் இப்பள்ளத்துக்குக் கிடங்கு என்று பெயர். இன்று அச்சொல் நெல் மூட்டைகளுக்குப் போய்விட்டது.

மூக்குப்போல நீண்ட மேட்டுநில முனையில் மூன்று பக்கமும் சரிவே காவலாகிவிடுவதால், பின்னுள்ள மேட்டுநிலத்தோடு அது சேரும் கழுத்தில்தான் குறுக்கே அகழி வெட்டியிருப்பார்கள். ஆகவே முனையில் நின்று காட்சி பார்ப்பதைப் பிறகு வைத்துக்கொண்டு, நேராகக் கழுத்துக்கு நடக்க வேண்டும். இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரிலுள்ள கிரிக்லி ஹில்லில் தொல்லியலாளர் பிலிப் டிக்சன் 1969 முதல் 1993 வரை அகழ்ந்தபோது, இரும்புக்காலக் கோட்டையோடு, அதற்கு ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டு முந்தைய புதிய கற்கால அகழிகளும், நானூறுக்கும் மேற்பட்ட கல் அம்புமுனைகளும் கிடைத்தன. ஒரே முனையில் இரண்டு கரைகளைக் கண்டால் ஒரே காலத்தவை என்று முடிவுகட்டக் கூடாது.

வாசலைக் கண்டுபிடிப்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். கரை விட்டுப்போன இடத்தில் அகழியையும் வெட்டாமல் விட்டிருந்தால் அது பழைய வாசலாக இருக்கலாம். அகழி தொடர்ந்தோ, பின்னால் தூர்க்கப்பட்டோ இருந்து கரை மட்டும் அறுபட்டிருந்தால், பிற்காலத்தில் வண்டி போகத் திறந்த வழியென்றே நான் கொள்வேன்.

அளப்பதற்குக் கொத்தனாரின் டியூப் லெவலே, அதாவது மட்டம் பார்க்கும் நீர் நிரப்பிய குழாயே போதும். அகழியின் வெளி விளிம்பிலிருந்து கரையின் உட்புறம்வரை கயிறு கட்டி, ஒருவர் குழாயை ஒரே இடத்தில் பிடித்திருக்க, மற்றவர் மீட்டருக்கு ஒருமுறை நீர்மட்டத்திலிருந்து தரைவரை அளந்து எழுத வேண்டும். குழாயில் காற்றுக்குமிழி இருந்தால் அளவுகள் அத்தனையும் பொய்த்துவிடும். கிடைக்கும் ஆழம் இன்றைய ஆழமே. கரை சரிந்து அகழி தூர்ந்திருப்பதால், உண்மையான அடியை வெட்டித்தான் காண முடியும். 1934 முதல் 1937 வரை மெய்டன் காசில் என்னும் இங்கிலாந்துக் கோட்டையில் அவ்வேலையைச் செய்த தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர்தான் 1945இல் நம் அரிக்கமேட்டையும் அகழ்ந்தவர். பாதுகாக்கப்பட்ட இடங்களில் அனுமதியின்றி மண்ணைக் கிளறுவதும் உலோகம் தேடும் கருவியை இயக்குவதும் குற்றம்.

வெயில் சாய்ந்த நேரத்தில் நிழல் தாழ்ந்த கரைகளையும் காட்டிக்கொடுக்கும். படம் வரைய அதுவே நேரம். சரிவைத் தலைப்பிரட்டை வடிவக் கோடுகளால், பருத்த தலை மேட்டிலும் மெலிந்த வால் இறக்கத்திலும் வருமாறு குறிக்க வேண்டும்.