எடை குறைந்த ட்ரெக்கிங் பையைக் கடையிலேயே சோதித்துப் பார்ப்பது எப்படி

ட்ரெக்கிங் பை வாங்கப் போனால் எல்லாரும் முதலில் கேட்பது எத்தனை லிட்டர், அடுத்து எத்தனை கிராம். கேட்க வேண்டியதுதான். ஆனால் சுமை இடுப்புக்கு இறங்குகிறதா என்று பார்க்காமல் அந்த இரண்டு எண்ணையும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. தோளிலேயே தொங்கும் 900 கிராம் பையைவிட, இடுப்பில் நன்றாக உட்காரும் 1.4 கிலோ பை மலையில் லேசாகத் தெரியும்.

முதல் வேலை கடையில் இல்லை, வீட்டில். ஹிமாச்சலில் ஹம்ப்டா கணவாய் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்: நாலைந்து நாள் நடை, கணவாயின் உயரம் சுமார் 4,270 மீட்டர், குல்லு பக்கம் மழைக்கால ஈரம், தாண்டினால் லாஹௌல் பக்கம் வறண்ட குளிர். கூடாரமும் சமையலும் அழைத்துப் போகிறவர்கள் பொறுப்பு என்றால் 40 முதல் 50 லிட்டர் தாராளம், தண்ணீரோடு 8 முதல் 10 கிலோவுக்குள் அடக்கிவிடலாம். எல்லாவற்றையும் நீங்களே சுமந்தால் 60 லிட்டர் வரை போகும், 13 கிலோவைத் தொடும். கொண்டுபோகும் சாமான்களை ஒரு போர்வையில் கட்டி எடை போட்டுப் பாருங்கள். அந்த எண் தெரியாமல் பை தேடாதீர்கள்.

ஏனென்றால் பையின் எடையைக் குறைக்க முதலில் கழற்றப்படுவது பெரும்பாலும் பையை விறைப்பாக நிறுத்த உள்ளே இருக்கும் ஃபிரேம் என்ற சட்டம்தான். பழைய பாணி 60 லிட்டர் பை வெறுமையாகவே 2 கிலோவுக்கு மேல் இருக்கும். இப்போது வரும் லேசான பைகள் 1 முதல் 1.4 கிலோ. அதற்கும் கீழே போனால் பலவற்றில் ஃபிரேமே இருக்காது, இடுப்புப் பட்டையும் வெறும் நாடாவாக மெலிந்திருக்கும். மொத்தச் சுமை 8, 9 கிலோ வரை அது பரவாயில்லை. அதைத் தாண்டினால் பை நடுவில் மடங்கி எல்லா எடையும் தோளுக்கு வந்துவிடும்.

அடுத்து முதுகு நீளம். உங்கள் உயரத்தை வைத்து அளவு சொல்லும் விற்பனையாளரை நம்ப வேண்டாம், ஒரே உயரமுள்ள இரண்டு பேருக்கு முதுகு நீளம் வேறு வேறாக இருக்கும். தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் ஓர் எலும்பு துருத்தும். இடுப்பு எலும்பின் மேல் விளிம்பில் இரண்டு கையையும் வைத்தால் கட்டைவிரல்கள் முதுகில் ஒரே கோட்டில் வரும். கூட இருப்பவரிடம் டேப்பைக் கொடுத்து அந்த எலும்பிலிருந்து இந்தக் கோடு வரை அளக்கச் சொல்லுங்கள். அந்த சென்டிமீட்டரை வைத்துத்தான் பையின் அளவுப் பட்டியலைப் பார்க்க வேண்டும்.

சரி, இப்போது பையை மாட்டலாம். வெறும் பையை மாட்டிக் கண்ணாடி பார்ப்பதில் ஒரு பயனும் இல்லை. நீங்கள் சுமக்கப் போகும் எடையை அதில் போடச் சொல்லுங்கள், கடையில் எடை மூட்டை இல்லாவிட்டால் தண்ணீர் பாட்டில்கள் போதும், ஒரு லிட்டர் ஒரு கிலோ. எல்லா வாரையும் தளர்த்திவிட்டு மாட்டி, முதலில் இடுப்புப் பட்டையை இடுப்பு எலும்பின் மேல் உட்கார வைத்து இறுக்குங்கள். பிறகு தோள் வார், அப்புறம் தோளிலிருந்து பையின் உச்சிக்குப் போகும் சின்ன வார், கடைசியில் நெஞ்சு வார். இப்போது தோள் வாரை லேசாகத் தளர்த்துங்கள். பை அப்படியே நின்றால் நல்லது, சரிந்து கீழே இறங்கினால் இடுப்பு எதையும் சுமக்கவில்லை. பட்டையை முழுக்க இழுத்த பிறகும் லூசாக இருந்தால், மெலிந்த உடம்புக்காரர்களுக்கு இது அடிக்கடி நடக்கும், அந்தப் பையை வாங்காமல் திருப்பி வைத்துவிடுங்கள், விலை எவ்வளவு குறைத்தாலும் சரி.

குறைந்தது இருபது நிமிடம் அதோடு நடங்கள், படி ஏறி இறங்குங்கள். அண்ணாந்து பாருங்கள், தலை பையில் இடிக்கக் கூடாது. முதுகுக்கும் பைக்கும் நடுவே வலை இழுத்துக் கட்டிய பைகள் வியர்வைக்கு அருமை, ஆனால் சுமையை முதுகிலிருந்து பின்னுக்குத் தள்ளிவிடும். பாறை தாவும் இடத்தில் அது பின்னால் இழுப்பது நன்றாகவே தெரியும். கனமான சாமானை முதுகை ஒட்டி வைத்துப் பாருங்கள், அப்படியும் இழுத்தால் வேறு பை.

துணியில் டெனியர் என்று ஓர் எண் இருக்கும், 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராம் என்பதுதான் அது. உடல் பகுதிக்கு 100 டெனியர் நைலான் போதும், அடிப்பாகம் 200க்கு மேல் இருக்கட்டும், பாறையில் தேய்வது அதுதான். துணியைவிட நான் தையலைத்தான் அதிகம் பார்ப்பேன்: தோள் வார் பையோடு சேரும் இடத்தில் நெருக்கமாகக் குறுக்குத் தையல் போட்டிருக்க வேண்டும், ஒற்றைத் தையல் என்றால் வேண்டாம். தள்ளுபடியில் கிடக்கும் பழைய பையின் உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். பிசுபிசுவென்று ஒட்டினால் பூச்சு கெட்டுவிட்டது, நம் கடலோர ஈரப்பதத்தில் இது சீக்கிரமே வரும்.

மழை உறை இலவசம் என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். முதுகுப் பக்கம் அது மூடாது, காற்றில் பறந்தும் போகும். தடித்த பாலிதீன் பை ஒன்றை உள்ளே விரித்து, தூக்கப் பையையும் மாற்றுத் துணியையும் அதற்குள் திணித்து வாயை முறுக்கிக் கட்டினால் போதும்.

பக்கவாட்டுப் பாட்டிலைப் பையைக் கழற்றாமல் எடுக்க முடிகிறதா, கையுறையோடு பக்கிளைத் திறக்க முடிகிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள். வாங்கியதும் சீட்டையும் பில்லையும் கிழிக்காமல் வைத்து, மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் வீட்டுக்குள்ளேயே முழுச் சுமையோடு ஒரு மணி நேரம் நடங்கள். இடுப்பிலோ தோளிலோ ஒரே இடத்தில் சிவந்து வலித்தால் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள்.